அயர்லாந்தின் நெடுமனிதர் சார்லஸ் பர்ன்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

முன்னுரை

பெரியோர்களின் வாழ்க்கை வரலாறுகளை நாம் பல படித்திருக்கிறோம். நாடாண்டவர்கள், நூல் எழுதியவர்கள், புதியன கண்டவர்கள் என்று அவர்கள் பலதிறத்தினர். இங்கு நான் எழுத எடுத்துக்கொண்ட மனிதர் நாடாளவில்லை, நூல் எழுதவில்லை, எதனையும் கண்டுபிடிக்கவும் இல்லை. அவர் இருபத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்தார். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளும் வளர்ந்துகொண்டே இருந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆயினும் அவர் மறைந்து 240 ஆண்டுகளுக்கு மேலாகியும் மருத்துவ உலகம் அவரை மறக்கவில்லை. அவர் பெயர் சார்லஸ் பர்ன்.

நம் விலங்கியல் ஆய்வகத்தின் மூலையில், கண்ணாடி அலமாரிக்குள் ஒரு மனித எலும்புக்கூடு தொங்குகிறது. அதற்கு ஒரு செல்லப் பெயர் உண்டு என்பதை நான் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூத்த மாணவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவனே. நாளமில்லாச் சுரப்பிகள் பற்றிய பாடம் நடந்தபோது எங்கள் விரிவுரையாளர் போகிற போக்கில் சார்லஸ் பர்னின் பெயரைக் குறிப்பிட்டார். ஆவல் தூண்ட, அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்த பிறகு அந்த அலமாரியின் முன் நின்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பிறப்பும் வளர்ச்சியும்

கி.பி. 1761ஆம் ஆண்டு அயர்லாந்தின் வடபகுதியில் பர்ன் பிறந்தார். லண்டன்டெரி, டைரோன் என்னும் இரு மாவட்டங்களின் எல்லைக்கருகே, நே என்னும் பேரேரிக்கு மேற்கே உள்ள லிட்டில்பிரிட்ஜ் என்னும் சிற்றூரே அவர் ஊர். எளிய குடும்பம். தந்தையும் தாயும் மற்றவர்களைப் போன்ற உயரம் உடையவர்களே. ஆனால் பிள்ளை மட்டும் பள்ளிப் பருவத்திலேயே தோழர்களை விட்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தான்.

ஊரில் ஒரு பிள்ளை இப்படி வளர்ந்தால் ஊர்வாய் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அக்காலத்தில் மருத்துவருக்கும் உண்மைக் காரணம் தெரியாது. ஹார்மோன் என்ற சொல்லே பிறக்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. பெருத்த உடம்பைக் கண்டவர்கள் அவருக்கு மிகுந்த வலிமை இருக்கும் என்று எண்ணினார்கள். உண்மை வேறு. இத்தகைய வளர்ச்சி உடையவர்களுக்கு மூட்டு வலியும், தலைவலியும், தசைத் தளர்ச்சியும் உடன்பிறப்புகள். மலை போல் நின்ற அந்த இளைஞர் உள்ளுக்குள் நோயாளியாகவே இருந்தார்.

பக்கத்து ஊர்க்காரரான வான்ஸ் என்பவர் பர்னைக் காட்சிப்பொருளாக்கிப் பணம் சேர்க்கலாம் என்று வழி காட்டினார். வறுமையில் பிறந்தவருக்கு வேறு என்ன வழி இருந்தது? ஏர் பிடிக்கவும் தறி நெய்யவும் ஒத்துவராத உடம்பு அது. அந்த உடம்பையே முதலாக வைத்துப் பிழைக்கலாம் என்று ஊரை விட்டுப் புறப்பட்டார் பர்ன். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ஊர் ஊராகச் சென்றார். எடின்பரோ நகரத் தெருவிளக்கில் எட்டிப் பிடித்துத் தம் புகைக்குழலைப் பற்றவைத்துக்கொண்டார் என்றும், அதைக் கண்ட காவற்காரர்கள் அஞ்சி ஓடினர் என்றும் ஒரு கதை உண்டு.

இலண்டனில் ஓராண்டு

1782ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பர்ன் இலண்டன் மாநகரை அடைந்தார். ஸ்பிரிங் கார்டன்ஸ் என்னும் இடத்தில் அழகிய அறைகள் அமர்த்தப்பட்டன. செய்தித்தாள்களில் விளம்பரங்கள் வந்தன. ஞாயிறு நீங்கலாக எல்லா நாட்களிலும் பகல் பதினொரு மணி முதல் மூன்று மணி வரையிலும், மாலை ஐந்து முதல் எட்டு வரையிலும் அவரைக் காணலாம். கட்டணம் ஆளுக்கு அரைக் கிரௌன், அதாவது இரண்டரை ஷில்லிங். அக்காலத் தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் கூலியை விட இது அதிகம். ஆகவே பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் செல்வர்களும் பிரபுக்களுமே.

விளம்பரங்கள் அவர் உயரத்தை எட்டடிக்கு மேல் என்று கூறின. எலும்புக்கூட்டை அளந்து பார்த்தவர்கள் சொல்வது 7 அடி 7 அங்குலம். ஏறத்தாழ 231 சென்டிமீட்டர். நம் வகுப்பறைக் கதவில் அவர் குனியாமல் நுழைய முடியாது. ஆனாலும் விளம்பரம் சொன்ன எட்டடி அவரிடம் இல்லை. காட்சிக்கு வந்த பொருளைப் பெரிதாக்கிச் சொல்வது வாணிகத்தின் வழக்கமன்றோ!

அவ்வாண்டு கோடையில் இலண்டன் முழுவதும் அவரே பேச்சு. அவர் புகழை ஒட்டி ஆகஸ்டு மாதம் ஹேமார்க்கெட் அரங்கில் ஒரு நாடகமே நடந்தது. பழகியவர்கள் அவரை மென்மையானவர், நல்லவர் என்றனர். நேரம் தவறாமல் வந்து நிற்பார், கேட்பவர்களுக்கு விடை சொல்வார், கை குலுக்குவார். ஒருவர் நாளெல்லாம் பிறர் கண்களுக்கு முன் நின்றுகொண்டே இருப்பது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள். அவர் தம் குரலில் என்ன பாடினார், என்ன படித்தார், யாரை விரும்பினார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அளவுகளை மட்டும் எழுதி வைத்தார்கள்.

மாநகரின் ஆவல் நெடுநாள் நீடிப்பதில்லை. வேறு நெட்டையர்களும் இலண்டனுக்கு வந்து சேர்ந்தனர். கூட்டம் குறைந்தது. பர்ன் ஸ்பிரிங் கார்டன்சை விட்டு வேறு இடங்களுக்கு மாறினார். கட்டணம் ஒரு ஷில்லிங்காக இறங்கியது. துணைக்கு மது வந்தது. 1783ஆம் ஆண்டு வசந்தத்தில் பேரிடி ஒன்று விழுந்தது. தம் சேமிப்பு முழுவதையும், எழுநூறு பவுனுக்கு மேற்பட்ட தொகையை, வங்கித் தாளாக மாற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மதுக்கடைக்குச் சென்ற ஓர் இரவில் அது திருடு போயிற்று. இருபத்திரண்டு வயதில் தம் உடம்பை விற்றுச் சேர்த்தது அத்தனையும் ஒரே இரவில் போயிற்று. அதன்பின் அவர் தேறவில்லை.

கடலைக் கேட்ட உள்ளம்

உடல் நலிந்து படுத்த பர்னை வறுமையை விட வேறோர் அச்சம் வாட்டியது. அது அறுவை மருத்துவர்களைப் பற்றிய அச்சம்.

இதனை விளங்கிக்கொள்ள அந்நாட்டுச் சட்டத்தை அறிய வேண்டும். அந்நாளில் இங்கிலாந்தில் உடற்கூறு கற்கப் பிணங்கள் எளிதிற் கிடைக்கவில்லை. 1752ஆம் ஆண்டுச் சட்டம் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களை மருத்துவர்களிடம் ஒப்படைத்தது. தூக்கை விடக் கொடிய தண்டனையாகவே மக்கள் அதனைக் கருதினர். இறுதி நாளில் உடலோடு எழுவோம் என்று நம்பிய கிறித்துவ மக்களுக்கு, உடல் துண்டாடப்படுவது மறுமையையே இழப்பதாகத் தோன்றியது. தேவைக்குப் போதாத பிணங்களை இடுகாட்டுத் திருடர்கள் தோண்டி எடுத்து விற்றனர். இந்நிலை 1832ஆம் ஆண்டு புதிய சட்டம் வரும்வரை நீடித்தது.

பர்னின் உடல் மீது பலர் கண் வைத்திருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் ஜான் ஹண்டர். 1728இல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர் அந்நூற்றாண்டின் மாபெரும் அறுவை மருத்துவர். அம்மை குத்தும் முறை கண்ட எட்வர்டு ஜென்னரின் ஆசான். பல்லாயிரம் உயிர்ப்பொருள்களைத் திரட்டி ஓர் அருங்காட்சியகம் அமைத்துக்கொண்டிருந்தவர். எலும்பு எவ்வாறு நீள்கிறது என்பதை ஆராய, இளம்பன்றியின் கால் எலும்பில் இரண்டு ஈயக்குண்டுகளைப் பதித்து வளரவிட்டவர். எலும்பு நீண்டது, குண்டுகளின் இடைவெளி மாறவில்லை. ஆகவே எலும்பு நடுவில் நீள்வதில்லை, முனைகளிலேயே நீள்கிறது என்று கண்டவர். அப்படிப்பட்டவருக்கு 7 அடி 7 அங்குல மனிதரின் எலும்புகள் எத்தகைய புதையல்! பர்ன் எங்கே சென்றாலும் பின்தொடர ஓர் ஆளையே அவர் அமர்த்தியிருந்தார் என்பர்.

பர்ன் இதை அறிந்திருந்தார். எனவே நண்பர்களிடம் ஒரே ஒரு விருப்பத்தைத் தெரிவித்தார். தாம் இறந்தபின் தம் உடலை ஈயப்பெட்டியில் வைத்து மூடிக் கடலில் ஆழ்த்திவிட வேண்டும். மண்ணில் புதைத்தால் தோண்டிவிடுவார்கள். கடலைத் தோண்ட முடியாதல்லவா? அதற்கென்று பணமும் ஒதுக்கினார்.

1783 ஜூன் முதல் நாள், இலண்டன் காக்ஸ்பர் தெருவில் சார்லஸ் பர்ன் உயிர் நீத்தார். அவர் வீட்டைச் சூழ்ந்து காத்திருந்த மருத்துவர்களைத் திமிங்கிலத்தைச் சூழ்ந்த வேட்டைக்காரர்களோடு ஒப்பிட்டுச் செய்தித்தாள்கள் எழுதின.

நண்பர்கள் சொன்ன சொல் காத்தனர். பெரிய பெட்டியைச் சுமந்து மார்கேட் கடற்கரை நோக்கிப் புறப்பட்டனர். ஆனால் வழியில் அவர்கள் இளைப்பாறிக் குடித்த இடத்தில் உடல் மாற்றப்பட்டது என்றும், பெட்டிக்குள் கற்கள் நிரப்பப்பட்டன என்றும் கூறுவர். ஹண்டர் கொடுத்த கையூட்டு பெருந்தொகை. 500 பவுன் என்பது பலர் சொல்லும் கணக்கு. கடலில் ஆழ்த்தப்பட்டது வெறும் பெட்டி. உடலோ ஹண்டரின் ஏர்ல்ஸ் கோர்ட் இல்லத்துக்குப் போயிற்று. செய்தி வெளியே தெரியுமுன் அவசரம் அவசரமாக அது கொப்பரையில் இட்டுக் காய்ச்சப்பட்டது. அந்த அவசரத்தால்தான் எலும்புகள் வெண்மையாகாமல் பழுப்பு நிறமாகவே தங்கிவிட்டன.

சில ஆண்டுகள் ஹண்டர் இதனை வெளிக்காட்டவில்லை. 1786ஆம் ஆண்டு புகழ்பெற்ற ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய ஹண்டரின் ஓவியத்தில், வலப்பக்க மேல்மூலையில் ஒரு நெடிய எலும்புக்கூட்டின் கால்கள் மட்டும் தொங்குகின்றன. அவை பர்னின் கால்கள். வாழ்ந்தபோது அரைக் கிரௌன் வாங்கிக்கொண்டு நின்ற மனிதர், இறந்தபின் எதுவும் வாங்காமலே நிற்கத் தொடங்கினார்.

வளர்ச்சியின் மறைபொருள்

1793இல் ஹண்டர் மறைந்தார். 1799இல் அரசு அவர் திரட்டியவற்றை 15,000 பவுனுக்கு வாங்கி அறுவை மருத்துவர் கழகத்திடம் ஒப்படைத்தது. பர்னின் எலும்புக்கூடும் அங்கே சென்றது. ஆனால் அதனை இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற ஹண்டருக்கு அது தன் மறைபொருளைச் சொல்லவில்லை. கேட்கவேண்டிய கேள்வி என்ன என்பதே அந்நாளில் தெரியாது.

நூறாண்டுகள் கழிந்தன. 1886ஆம் ஆண்டு பாரிசில் பியர் மரீ என்னும் மருத்துவர், கைகால்களும் முகமும் வரவரப் பெருத்துப்போன நோயாளிகளைக் கண்டு அந்நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் முனைகள் பெருத்தல் என்பது அதன் பொருள். இந்நோயாளிகளுக்கு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பெருத்திருப்பது விரைவில் தெரியவந்தது.

பிட்யூட்டரி சுரப்பி ஒரு பட்டாணி அளவே உள்ளது. எடை ஏறத்தாழ அரை கிராம். மண்டையோட்டின் அடித்தளத்தில் குதிரைச் சேணம் போன்ற ஒரு சிறு எலும்புக் குழியில் அது அமர்ந்திருக்கிறது. அதன் முன்மடலில் உள்ள ஒருவகைச் செல்கள் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கின்றன. இது 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைந்ததும், இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி என்னும் வேறொரு பொருளை அங்கே உண்டாக்குகிறது. அவ்விரண்டும் சேர்ந்து எலும்பு முனைகளில் உள்ள குருத்தெலும்புத் தட்டுகளைத் தூண்டி எலும்பை நீளச் செய்கின்றன. ஈயக்குண்டு வைத்து ஹண்டர் கண்ட முனைகள் இவையே!

நலமாக உள்ள உடலில் இச்சுரப்புக்குக் கடிவாளம் உண்டு. சுரப்பிக்கு மேலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதி ஒரு ஹார்மோனால் தூண்டுகிறது. சோமட்டோஸ்டேட்டின் என்னும் மற்றொன்றால் அடக்குகிறது. நாள் முழுதும் ஒரே சீராக வளர்ச்சி ஹார்மோன் வருவதில்லை, விட்டுவிட்டு வருகிறது, ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதியாக வருகிறது. குளுக்கோஸ் பருகினால் அடங்குகிறது.

இச்செல்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து பெருகினால் அங்கே ஒரு கட்டி தோன்றுகிறது. பெரும்பாலும் அது புற்றுநோய் அன்று; உடலெங்கும் பரவுவதும் இல்லை. ஆனால் கடிவாளத்தை மதிக்காமல் அல்லும் பகலும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. சில கட்டிகள் வளர்ச்சி ஹார்மோனோடு பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டினையும் சேர்த்துச் சுரக்கின்றன. இக்கட்டிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதில், செல்லுக்குள் தூண்டுதலை எடுத்துச் செல்லும் ஒரு புரதம் மாற்றமடைந்து, அணைக்க முடியாத விளக்கைப் போல எரிந்துகொண்டே இருப்பதை 1980களின் இறுதியில் கண்டறிந்தனர். நோயாளிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துப் பார்த்தால் வளர்ச்சி ஹார்மோன் அடங்குவதில்லை. இன்றும் இதுவே நோயை உறுதிசெய்யும் சோதனைகளுள் ஒன்று.

பூப்பெய்தும் பருவம் முடிந்து குருத்தெலும்புத் தட்டுகள் எலும்பாகி மூடிய பின் இக்கட்டி வந்தால் உயரம் கூடாது, கை, கால், தாடை, மூக்கு, நாக்கு ஆகியன பெருக்கும், இதயமும் பெருக்கும், நீரிழிவு வரும். அது அக்ரோமெகலி. தட்டுகள் மூடுமுன்னே வந்தால் மனிதர் உயர்ந்துகொண்டே போவார். கட்டி பெருத்துச் சுரப்பியின் மற்றச் செல்களை நசுக்குவதால் பாலின ஹார்மோன்கள் குறையும். தட்டுகள் மூடுவது மேலும் தள்ளிப்போகும். உயரம் இன்னும் கூடும். பர்னுக்கு நேர்ந்தது இதுவே. ஊரார் கட்டிய கதைகள் அனைத்துக்கும் விடை ஒரு பட்டாணியளவு சுரப்பியில் இருந்தது.

மண்டையோடு திறந்தது

1909ஆம் ஆண்டு அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இலண்டன் வந்தார். பிட்யூட்டரி நோய்களை ஆராய்வதே அப்போது அவர் வேட்கை. அவ்வாண்டிலேயே அக்ரோமெகலி நோயாளி ஒருவருக்கு அறுவை செய்திருந்தார். அருங்காட்சியகக் காப்பாளர் ஆர்தர் கீத்தின் இசைவோடு, 126 ஆண்டுகள் மூடியிருந்த பர்னின் மண்டையோடு திறக்கப்பட்டது. சேணம் போன்ற அந்தச் சிறுகுழி இயல்புக்கு மிஞ்சி அகன்றிருந்தது. சுரப்பி எப்போதோ அழிந்துவிட்டது. ஆனால் அதில் வளர்ந்த கட்டி, தான் இருந்த தடத்தை எலும்பிலேயே பதித்துச் சென்றிருந்தது.

அன்று முதல் மருத்துவ நூல்களில் பர்ன் ஒரு சான்றாக இடம்பெற்றார். 1941இல் இலண்டன் மீது விழுந்த குண்டுகளில் அருங்காட்சியகத்தின் பெரும்பகுதி அழிந்தது. பர்னின் எலும்புகள் தப்பின. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அவர் முன் நின்று பாடம் கேட்டனர்.

இரண்டு பற்கள் சொன்ன செய்தி

2006ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள், சில குடும்பங்களில் பிட்யூட்டரி கட்டிகள் வழிவழியாக வருவதற்குக் காரணமான ஏ.ஐ.பி. என்னும் மரபணுவைக் கண்டறிந்தனர். இலண்டனில் பணியாற்றும் பேராசிரியை மார்ட்டா கோர்பொனிட்ஸ், வட அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றில் இதே மரபணுவின் ஒரே மாற்றம் இருப்பதைக் கவனித்தார். பர்னும் அதே மண்ணின் பிள்ளையாயிற்றே என்ற எண்ணம் எழுந்தது. எலும்புக்கூட்டின் இரு பற்களிலிருந்து டி.என்.ஏ. எடுக்கப்பட்டது. காய்ச்சப்பட்டும், இரு நூற்றாண்டுகள் காற்றில் தொங்கியும் அது முற்றாக அழியவில்லை.

2011ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. பர்னிடமும் அதே மாற்றம்! 330 அமினோ அமிலங்கள் கொண்டதாக உருவாக வேண்டிய புரதம், 304ஆம் இடத்தில் நிறுத்தக் குறி விழுந்து பாதியில் அறுந்துபோகிறது. செல்லின் பெருக்கத்தை அடக்கும் காவல் அதனால் தளர்கிறது. அக்குடும்பங்களும் பர்னும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள். அம்மூதாதை வாழ்ந்தது 1,500 ஆண்டுகளுக்கு முன் என்று முதலிற் கணக்கிட்டனர். பின்வந்த ஆய்வு அதனை இன்னும் முன்னுக்குக் கொண்டுபோயிற்று. 2016இல் வெளிவந்த ஆய்வின்படி, மத்திய அல்ஸ்டர் பகுதியில் ஏறத்தாழ 150 பேருக்கு ஒருவரிடம் இம்மாற்றம் உள்ளது. பெல்ஃபாஸ்ட் நகரிலோ ஆயிரத்தில் ஒருவரிடம்தான்.

மாற்றம் உடைய எல்லாருக்கும் கட்டி வருவதில்லை, சிலருக்கே வருகிறது. ஆனால் யாரிடம் இருக்கிறது என்று முன்னரே அறிந்தால், பிள்ளைகளைக் கண்காணித்துத் தொடக்கத்திலேயே மருத்துவம் செய்யலாம். மூக்கின் வழியே சென்று கட்டியை அகற்றும் அறுவை உண்டு. சோமட்டோஸ்டேட்டினைப் போல் செயல்படும் ஆக்ட்ரியோடைடு போன்ற ஊசி மருந்துகள் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கும் பெக்விசோமன்ட் என்னும் மருந்தும் உண்டு. இன்று ஒரு பர்ன் பிறந்தால் அவர் ஏழடியைத் தாண்ட வேண்டியதில்லை. இருபத்திரண்டில் இறக்கவும் வேண்டியதில்லை. அவர் ஊரைச் சுற்றியுள்ள பிள்ளைகளுக்கு இந்த நன்மை தெளிவாகக் கிடைத்ததில் அவருடைய இரண்டு பற்களுக்கும் பங்கு உண்டு.

யாருடைய உடல்?

இங்கேதான் கேள்வி எழுகிறது. நன்மை விளைந்தது உண்மை. அதற்காக ஒருவரின் கடைசி விருப்பத்தை மீறியது சரியாகுமா? 2011ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவ அறவியல் அறிஞர் லென் டோயலும் சட்ட அறிஞர் தாமஸ் மியூன்சரும், கிடைக்க வேண்டிய அறிவு கிடைத்துவிட்டது, இனியேனும் பர்னைக் கடலுக்கு அனுப்புங்கள் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வாதாடினர். மறுதரப்பினர், நாளை புதிய கருவிகள் வரும், புதிய கேள்விகள் எழும், அப்போது இவ்வெலும்புகள் தேவைப்படும் என்றனர். இறந்தபோதே புதைத்திருந்தால் குஷிங் கண்டதும் இல்லை, கோர்பொனிட்ஸ் கண்டதும் இல்லை என்பது அவர்கள் வாதம். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அருங்காட்சியகம் 2017இல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. 2023 ஜனவரியில், பர்னின் எலும்புக்கூடு இனிக் காட்சிக்கு வைக்கப்படாது என்று அறிவித்தார்கள். அவ்வாண்டு மே மாதம் அருங்காட்சியகம் திறந்தபோது அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை. ஆனால் கடலுக்கும் அவர் அனுப்பப்படவில்லை. ஆராய்ச்சிக்கென்று உள்ளே பாதுகாக்கப்படுகிறார். பாதி விருப்பம் நிறைவேறியது எனலாம். 240 ஆண்டுகள் கழித்து.

இதே காலத்தில் வாழ்ந்த மற்றோர் அயர்லாந்து நெடுமனிதர் பாட்ரிக் காட்டர். அவருக்கும் இதே அச்சம் இருந்தது. 1806இல் அவர் இறந்தபோது பிரிஸ்டல் நகரில் பாறையைக் குடைந்து பன்னிரண்டடி ஆழத்தில் புதைத்தார்கள். ஆகவே அவர் அப்போது மருத்துவர்களிடம் அகப்படவில்லை. நோய் ஒன்று, நாடு ஒன்று, அச்சமும் ஒன்று. ஒருவருக்குப் பாறை கிடைத்தது, மற்றவருக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது.

முடிவுரை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறைக்கு ஊர் சென்றபோது, இரவில் திண்ணையில் அமர்ந்து என் அப்பத்தாவிடம் பர்னின் கதையைச் சொன்னேன். சுரப்பியையும் ஹார்மோனையும் எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, அந்தப் பிள்ளைக்குக் கடைசியில் மண் தள்ளியது யார் என்று கேட்டார். இன்னும் யாரும் தள்ளவில்லை அப்பத்தா என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து எழுந்து உள்ளே போனார்.

அவர் எழுத்தறியாதவர். ஆனால் அக்கேள்வி இலண்டன் அறிஞர்கள் பல்லாண்டு விவாதித்த கேள்வியேயன்றோ! ஹண்டரின் அறிவு வேட்கையை நான் பழிக்கவில்லை. அது இல்லையேல் நாம் படிக்கும் பாடங்கள் இல்லை. பர்னிடமிருந்து அறிவியல் பெற்றதையும் நான் மறுக்கவில்லை. அறிவியல் மாணவர்களாகிய நாம் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன். நம் கைக்கு வரும் ஒவ்வொரு மாதிரிப் பொருளும் ஒரு காலத்தில் ஓர் உயிராக இருந்தது. அது மனிதராக இருந்தால், அவருக்கு ஒரு பெயரும், ஒரு தாயும், ஒருவேளை சொல்லி நிறைவேறாத ஒரு விருப்பமும் இருந்திருக்கும். கேட்டுப் பெற்றால் அது கொடை. கேளாமல் எடுத்தால் அது கடன். பர்னிடம் பட்ட கடனை மருத்துவ உலகம் இன்னும் தீர்க்கவில்லை.

நம் ஆய்வகத்து அலமாரியில் இருப்பவர் யார், எந்த ஊர், எப்படி இங்கே வந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஆண்டு செய்முறை வகுப்பில் முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் அந்தச் செல்லப் பெயர் என்னவென்று என்னிடம் கேட்டான். நான் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சார்லஸ் பர்னின் கதையைச் சொன்னேன்.